அக்டோபர் தாளுக்கு ஒரு வேன்

என் புருஷன் அன்பரசனை ஊரில் எல்லாரும் நல்லவன் என்பார்கள். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவான். பாஸ்போர்ட் படத்தில் கோணல் காலரை நேராக்கிக் கொடுப்பான். கோயில் கொடைக்குச் சும்மாவே வந்து படம் எடுப்பான். நேரில் அவனை நான் 'அவுக', 'நீங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் 'அவன்'தான். இங்கே மனசில் உள்ளபடியே சொல்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோ சிவகாசி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. கல்யாணம், காதுகுத்து என்று எது எடுத்தாலும் சோறு போட்டது பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும்தான். அதிலும் பொம்மைக் கார் படம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அன்பரசன் பெயர் பிரஸ்களில் அடிபட்டது. பிரஸ் வைத்திருக்கும் இராமகிருஷ்ணன் அண்ணாச்சிக்கு ஒரு மச்சினர் துபாயில் இருந்தார். ஒவ்வொரு தடவை லீவுக்கு வரும்போதும் ஒரு சாண் நீளத்தில் கனமான இரும்புக் கார்கள் வாங்கி வருவார். கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், சீட்டில் தையல்கூடத் தெரியும். நிஜத்தில் அந்த மாதிரிக் கார் நம் பக்கத்தில் எவர் வீட்டில் நிற்கிறது? இதையே நிஜம்போல எடுத்துக் காலண்டர் போடலாமா என்று அண்ணாச்சி கேட்டார். போடலாம் என்று அன்பரசன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். எப்படி என்று அவனுக்குத் தெரியாது.

பிளாஷ் அடித்துப் பார்த்தான். பொம்மை பொம்மையாகவே நின்றது. பானெட்டின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, பின்னால் கெட்டியாக ஒரு நிழல். ரோல் ரோலாகப் பிலிம் வீணானது. கடைசியில் நான்தான் சொன்னேன், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைக்கும்படி. ரூமைக் கும்மிருட்டாக்கி, ஒரு பேனா டார்ச்சைக் கையில் எடுத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்தவள். அங்கே கை வெடுக்கென்று அசையக் கூடாது. தட்டை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். உரசினால் போச்சு. வேகமாகக் கையை வீசினால் போர்மேன் வாசலில் நின்றே வைவார். அப்படிப் பழகிய கை எனக்கு. இருட்டில் காரின் மூக்கிலிருந்து டிக்கி வரைக்கும் டார்ச்சை ஒரே இழுப்பில் கொண்டுபோனேன். எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் வேகம் கூட்டவில்லை. நின்றால் பிலிமில் அந்த இடத்தில் திட்டு விழுந்துவிடும். பிலிமைக் கழுவி வந்தபோது காரின் தோளோரம் ஒரு வெள்ளைக் கோடு, படிய வாரி வகிடு எடுத்த மாதிரி ஓடியது. அதற்குப் பிறகு அது பொம்மை இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக நானே கண்டுபிடித்தேன். பூச்சட்டிப் பட்டாசுக்குச் சுற்றும் காகிதக் குழலை டார்ச் முனையில் செருகினால், வெளிச்சம் சிந்தாமல் ஒரு சக்கரத்தில் மட்டும் விழும். பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டினால் சாயங்கால வெயில். பிரஸில் கழித்துப் போட்ட தாளில், நீலம் மேலிருந்து கீழே வெளுத்துக்கொண்டே வருவதாகப் பார்த்து எடுத்துப் பின்னால் மாட்டினால் வானம். கரிசல் மண்ணை மாவுச் சல்லடையில் சலித்துப் பரப்பினால் ரோடு. சலிக்காமல் விட்டால் ஒரு மணல் பருக்கை பாறாங்கல்லாகத் தெரிந்து காட்டிக் கொடுத்துவிடும். கேமராவைப் பொம்மையின் ஹெட்லைட் உயரத்துக்கு இறக்க வேண்டும் என்று சொன்னது மட்டும் அன்பரசன். அதை நான் மறைக்கவில்லை.

இருட்டில் நான் நடமாடுவது பிலிமில் விழாது. அண்ணன் சபரிமலைக்குப் போட்டுப் போன கருப்புச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிற்பேன். படத்தில் கார் இருக்கும், வெளிச்சம் இருக்கும், நான் இருக்க மாட்டேன். ஆரம்பத்தில் அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த இருட்டு ரூமை எனக்கு அவ்வளவு பிடிக்கும். உலகத்தில் வேறு எந்த வேலையிலும் எனக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை.

முதல் காலண்டர் நன்றாக ஓடியது. ஒரு நாள் இரண்டு பேருமாகப் பிரஸுக்குப் போயிருந்தோம். அண்ணாச்சி மிஷின் பக்கத்தில் நின்றபடியே, இந்த வெளிச்சம் எப்படி வருகிறது என்று வாய் நிறையக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அன்பரசன் என் பக்கம் கையைக் காட்டினான்.

"இவ டார்ச்சைப் பிடிப்பா அண்ணாச்சி. கல்யாண ஊர்வலத்துல கேஸ் லைட்டைத் தூக்கிட்டு வருவாகள்ல, அது மாதிரி."

அண்ணாச்சி சிரித்தார். மிஷின்காரர்கள் சிரித்தார்கள். கேஸ் லைட் தூக்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவர்கள் அவர்கள். ஆனால் மாப்பிள்ளையின் மூஞ்சியில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்காமல் அன்பரசன் ஒரு படம் எடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். ஒரு வார்த்தை அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். கேமரா யாருடையது என்று கேட்டான். கேமரா இல்லாவிட்டால் நான் இருட்டில் டார்ச் அடித்து எலி தேடத்தான் லாயக்கு என்றான். அந்த வாரமே துணிமணியைச் சுருட்டிக்கொண்டு புதுப்பட்டிக்கு வந்துவிட்டேன். அம்மா இருளம்மாள் வாசலில் என் பையைப் பார்த்ததும் உலை வைத்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆனி பிறந்ததும் அவனுக்கு என் ஞாபகம் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆடிப் பதினெட்டுக்கே பிறந்துவிடும். அன்றைக்குப் பூஜை போட்டு மாதிரி ஆல்பத்தை வெளியே விட்டால்தான் ஏஜெண்டுகள் ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். அண்ணாச்சி அந்தத் தடவை பன்னிரண்டு தாளுக்கும் பன்னிரண்டு வண்டி கேட்டிருந்தார். அன்பரசன் ஆள் வைத்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. அவன் அக்காவை முன்னால் விட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

நான் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினேன். படம் காட்டுகிற அன்றைக்கு, அண்ணாச்சிக்கு முன்னால், வெளிச்சம் என் கை என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அது போதும். அவன் பாராட்டு எனக்கு எதற்கு? அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டால் நாளைக்கு அவன் இல்லாமலும் என்னைக் கூப்பிடுவார். தெரியாவிட்டால் நான் விடிகாலையில் கம்பெனி வேன் ஏறி மறுபடி மருந்து ரூமுக்குத்தான் போக வேண்டும். வேன் சத்தம் கேட்டாலே அம்மா வாசலுக்கு ஓடிவிடுவாள். அதை அப்புறம் சொல்கிறேன். அன்பரசன் அக்காவின் முன்னால், அம்மாவின் முன்னால், சரி என்றான். சொல்லுகிறேன் என்று என் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னான்.

ஸ்டுடியோவின் பின்ரூமில் ஜன்னலை எல்லாம் கருப்பு அட்டை ஒட்டி அடைத்துப் பகலிலேயே வேலையை ஆரம்பித்தோம். ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் முழிக்காமல் வேலை செய்ய அந்த ரூமைவிடத் தோதான இடம் கிடையாது. நான் 'தொறங்க' என்பேன். ஷட்டர் சத்தம் கேட்கும். நான் காரைச் சுற்றி வந்து முடித்து 'மூடுங்க' என்பேன். இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சு இல்லை. சில நேரம் அவன் வேண்டுமென்றே இருமுவான். சில நேரம் நான் வேண்டுமென்றே தாமதம் செய்து அவனை அந்தப் புழுக்கத்தில் நிற்க வைப்பேன். டீ வந்தால் தனித்தனியாகக் குடித்தோம். என் டம்ளரை அவன் கழுவி வைத்தபோதுகூட எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனாலும் படங்கள் பிரமாதமாக வந்தன. கோபத்தில் என் கை இன்னும் நிதானமாகிவிட்டது. சிவப்புக் கார் ஒன்றுக்குக் கூரையில் மட்டும் ஒரு கோடு கொடுத்து, மற்றதை இருட்டில் விட்டேன். பச்சைக் கார் ஒன்றைக் கண்ணாடிப் பலகையில் தண்ணீர் தெளித்து நிறுத்தி, தண்ணீருக்குள் இருக்கிற காருக்கும் தனியாக வெளிச்சம் போட்டேன். அன்பரசன் கழுவி வந்த ஸ்லைடு பிலிமைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைப்பான். நன்றாக இல்லாவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். அதனால் அந்த மௌனத்தை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக மிச்சம் இருந்தது அக்டோபர் தாள். அடுத்த வருஷம் தீபாவளி அக்டோபரில் வருகிறது. அதனால் தீபாவளி வெளிச்சமாக ஒன்று வேண்டும் என்று அன்பரசனுக்கு யோசனை. துபாய் மச்சினர் கொண்டு வந்ததில் ஒன்று மட்டும் கார் இல்லை, வேன். பழைய காலத்து வேன், பக்கவாட்டில் வரிசையாக ஜன்னல். அந்த வேனைப் புகைக்கு நடுவில் நிறுத்தி, ஆரஞ்சு வெளிச்சம் போட்டால், பட்டாசு வெடிக்கிற தெருவில் வேன் வருகிற மாதிரி இருக்கும் என்றான்.

அன்பரசன் விருதுநகர்க்காரன். மளிகை மண்டிக் குடும்பம். அவனுக்குப் பட்டாசு என்றால் தீபாவளிக்குக் கடையில் வாங்குகிற சாமான். எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும், புகையும் ஆரஞ்சு வெளிச்சமும் சூழ்ந்த வேனைச் சுவரில் மாட்ட மாட்டார்கள். அதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. இத்தனைக்கும் அவன் எங்கள் சித்தியின் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவன்.

சித்தி பெயர் வீரலட்சுமி. அம்மாவின் தங்கை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஊருக்கு வந்துவிட்டு, டவுன் பஸ்ஸுக்காக ஊர் ரோடு பிரிகிற விலக்கில் நின்றிருந்தேன். சித்தி வேலை முடிந்து வருகிற கம்பெனி வேன் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என்னமோ சொன்னாள், கேட்கவில்லை. திருப்பத்தில் வேன் நின்றது. ஆளும் லோடும் ஒரே வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பின்சீட்டுக்குக் கீழே இருந்த பட்டாசுத் திரிக்கட்டு பற்றிக்கொண்டது, சித்தி உள்ளேயே போய்விட்டாள். கம்பெனி சொன்னது வேறு. இன்ஜினில் டீசல் ஒழுகித் தீப்பிடித்தது, வேனில் லோடே கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கேஸ் இன்னும் நடந்துகொண்டிருந்தது. நான் கண்ணால் பார்த்தவள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகப் போய்ச் சொன்னதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அந்தக் கம்பெனிக்கும் வேனுக்கும் முதலாளி அய்யாதுரை.

அதனால் நான் அன்பரசனிடம் 'தொறங்க', 'மூடுங்க'வுக்கு மேலேயும் பேசினேன். வேன் வேண்டாம், வேறு காரை வைப்போம் என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

"எதை வைக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன். நீ டார்ச்சைப் பிடி."

சரி, பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஊதுபத்தியைக் கட்டாகக் கொளுத்தி ஒரு டப்பாவில் வைத்தான். புகை ரூமை நிறைத்தது. மஞ்சள், சிவப்புக் கண்ணாடித்தாளை ஒன்றன்மேல் ஒன்றாக டார்ச்சில் சுற்றிக் கொடுத்து, வேனின் முன்னால் நின்று அடிக்கச் சொன்னான். நான் அவன் சொன்னபடி அடிக்கவில்லை. எனக்குத் தெரிந்தபடி அடித்தேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். வெளிச்சம் வெளியே இருந்து வராது. முதலில் பின்பக்க ஜன்னல்கள் வெள்ளையாகும். அப்புறம் அது மஞ்சளாகி முன்ஜன்னலுக்கு நகரும். சிவப்பு கடைசியில்தான், அதுவும் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில். புகை உடனே மேலே ஏறாது. ஜன்னல் விளிம்பில் வழிந்து கொஞ்ச நேரம் ரோட்டிலேயே கிடக்கும். நான் வேனின் பின்கதவைத் திறந்து, குழல் செருகிய டார்ச்சை உள்ளே விட்டு, சீட்டுக்குக் கீழே இருந்து ஆரம்பித்தேன். கண்ணாடித்தாளை முதலில் எடுத்துவிட்டு வெள்ளையாக, பிறகு மஞ்சள், பிறகு இரண்டும். என் கை எங்கேயும் நிற்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. 'மூடுங்க' என்று சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஸ்லைடு கழுவி வந்ததும் அன்பரசன் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல்லாவற்றிலும் இதுதான் ஒசத்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் அந்த ஸ்லைடைப் பார்த்தது ஒரே தடவை. அதற்கு மேல் முடியவில்லை.

படம் காட்டப் பிரஸுக்குப் போன அன்றைக்கு நான் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்போது நான் கசங்கிய சேலையில் நிற்கக் கூடாது என்று ஓர் ஆசை. அண்ணாச்சியின் ஆபீஸில் ஸ்லைடு பார்க்கிற கண்ணாடி மேஜை நடுவில் இருந்தது, அடியில் டியூப்லைட் எரிந்தது. பக்கத்து ஹாலில் மிஷின் ஓடுகிற சத்தம் தரையில் தெரிந்தது. பெரிய பட்டாசுப் பார்ட்டி ஒருவர் வருகிறார், வடநாட்டு ஏஜெண்டுகளுக்குக் கொடுக்க மொத்தமாக எடுக்கப் போகிறார், அவருக்குப் பிடித்தால் ஆல்பம் தப்பிக்கும் என்று அண்ணாச்சி சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பார்ட்டி உள்ளே வந்தார். அய்யாதுரை.

அவரை எனக்குத் தெரியும். என்னை அவருக்குத் தெரியாது. துட்டி வீட்டுக்கு அவர் காரை விட்டு இறங்காமலே வந்து போனவர். அக்டோபர் ஸ்லைடை நான் அப்போதே உருவி எடுத்திருக்கலாம், அது என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இந்த ஆள் பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார்கள். அய்யாதுரை பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்து, இதெல்லாம் பொம்மை என்று சொன்னால் எவன் நம்புவான் என்று சந்தோஷப்பட்டார். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. தோளோரம் ஓடுகிற கோட்டைக் காட்டி, இது எப்படி என்று அன்பரசனைக் கேட்டார். இதுதான் நேரம். நான் அவனையே பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. லென்ஸைப் பற்றிச் சொன்னான், பிலிமைப் பற்றிச் சொன்னான், வெளிநாட்டில் இப்படித்தான் எடுக்கிறார்கள், அதைப் பார்த்துப் பழகிக்கொண்டேன் என்றான். கூட யார் என்று அய்யாதுரை கேட்டதற்கு, என் வீட்டுக்காரி, சும்மா கூட வந்திருக்கிறாள் என்றான்.

அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்ன மனுஷன். பட்டுச்சேலை மேலெல்லாம் குத்தியது.

அக்டோபரை வைத்தார்கள். அய்யாதுரை குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அய்யாதுரை பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தபோது அவர் மேலுதட்டில் வேர்த்திருந்தது.

"இந்த போட்டோ ஒங்களுக்கு எங்கன கெடைச்சது? அன்னைக்கு அங்கன எவன் கேமரா வச்சிருந்தான்?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. மேஜை மேல் இருப்பது பொம்மை என்பது அவருக்கு மறந்துவிட்டது. தன் வேன் எரிகிறதை யாரோ ஒளிந்து நின்று படமெடுத்து வைத்திருந்து, இப்போது காட்டி மிரட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். படத்தில் இன்ஜின் பக்கம் இருட்டாகக் கிடக்கிறது. வெளிச்சம் பின்சீட்டுக்குக் கீழே இருந்து வருகிறது. லோடே இல்லை என்று எழுதிக் கொடுத்த மனுஷனுக்கு அந்த வெளிச்சம் எங்கே இருந்து வருகிறது என்று தெரியாதா?

அன்பரசன் பதறிப்போய், இதுவும் பொம்மைதான், துபாய் வேன்தான் என்று உளறினான். அய்யாதுரை நம்பவில்லை. இதை யார் செய்யச் சொன்னது, வக்கீல் அனுப்பினானா என்று மேஜையைத் தட்டினார். அண்ணாச்சி எழுந்துவிட்டார். ஆர்டர் போச்சு, ஆல்பம் போச்சு என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவர் அன்பரசனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தப் புத்தி யாருக்கு வந்தது என்று கேட்டார். அப்போதுதான் என் புருஷன் கையை நீட்டி என்னைக் காட்டினான்.

"வெளிச்சம் பூரா இவ கைதான் அண்ணாச்சி. எல்லாம் இவதான். நான் கேமராதான் பிடிச்சேன்."

எத்தனை நாள் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அதைக் கேட்கத்தான் பட்டு கட்டிக்கொண்டு வந்தேன். பாராட்டு நடந்த வரைக்கும் அவன் வாய் திறக்கவில்லை. அடி விழப்போகிறது என்றதும் அம்பூட்டையும் அள்ளி என் தலையில் கொட்டிவிட்டான். அதுவும் என் சித்தி செத்த வெளிச்சத்துக்கு. அந்த இடத்தில் அவனை அறைந்திருக்க வேண்டும். ஆனால் அவன் சொன்னது ஒன்றும் பொய்யில்லையே. நான் மேஜைப் பக்கம் போனேன்.

"ஆமா அண்ணாச்சி, என் கைதான். இது மட்டும் இல்ல, பன்னெண்டும். அவுகளே சொல்லிட்டாக, கேட்டுக்கிட்டீகள்ல?"

அண்ணாச்சி திகைத்துப்போய் அன்பரசனைப் பார்த்தார். அன்பரசனுக்கு இல்லை என்று சொல்ல வழியில்லை. சொன்னால் இந்த வேன் அவன் கணக்கில் போய்விடும்.

அய்யாதுரை என்னை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். எம். புதுப்பட்டி என்றேன். வீரலட்சுமி என் சித்தி என்றேன். விலக்கில் நின்று பார்த்ததையும், பார்த்தபடியே வெளிச்சம் போட்டதையும் சொன்னேன். இதை எல்லாம் நான் உரக்கச் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஸ்லைடைக் கிழித்துப் போடும்படி அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி கையை நீட்டுவதற்குள் நான் அதை எடுத்து என் மணிபர்ஸுக்குள் வைத்துக்கொண்டேன்.

"பொம்மை வேன்தான மொதலாளி. இதுக்குள்ள ஆளு யாரும் இல்ல. பயப்படாதீக."

அய்யாதுரை எழுந்தார். வாசல் வரை போய் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், மற்ற பதினோரு படமும் இருக்கட்டும், அக்டோபருக்கு மட்டும் வேறு போட்டுக்கொடு என்றார். ஆர்டரை ரத்து செய்தால் ஏன் என்று ஊரே கேட்கும், அது அவருக்குத் தெரியும். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். அந்த ஸ்லைடு வீண் வம்பு, கொடுத்துவிடு என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. யாராவது கேட்டால் காட்டுவேன் என்றேன்.

அன்பரசன் மெதுவாக என் பக்கம் வந்தான். அண்ணாச்சிக்குக் கேட்காமல், நான் சொல்லச் சொன்னதைத்தானே அவன் சொன்னான், பிறகு ஏன் முறைக்கிறேன் என்று கேட்டான். அவன் முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. இவனோடு இனி எனக்கு ஒரு இருட்டு ரூமும் வேண்டாம் என்று அந்த நிமிஷம்தான் தீர்மானமானது.

அண்ணாச்சி பதினோரு ஸ்லைடையும் மறுபடி வரிசையாக அடுக்கினார். காலியாக இருந்த அக்டோபர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, ஆடிப் பதினெட்டு நெருங்கிவிட்டதே, இதற்கு என்ன செய்வது என்றார். இந்தத் தடவை அவர் கேட்டது அன்பரசனை இல்லை.

"நாளைக்கே வந்து எடுத்துத் தாரேன் அண்ணாச்சி" என்றேன். "கேமரா பிடிக்க மட்டும் வேற யாரையாச்சும் சொல்லி வைங்க."

அண்ணாச்சி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரிம்மா என்றார்.